ஒரே அறையில் மூன்று வகுப்பு: ஏஐ வைத்து உண்மையில் என்ன செய்யலாம்?

மலையோர டீச்சர்:

குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு ஈராசிரியர் பள்ளி. 4, 5 தலைமை ஆசிரியரிடம். 1, 2, 3 மூன்றும் என்னிடம், ஒரே அறையில், மொத்தம் 19 பிள்ளைகள். 2022 ஜூனில் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் நடத்துகிறேன். மூன்றாம் வகுப்பில் மூன்று பேர் இன்னும் அரும்பைத் தாண்டவில்லை. இரண்டாம் வகுப்பில் ஒருத்தி என் மேஜையில் கிடக்கும் நாளிதழை எடுத்து வாசிக்கிறாள். ஒருவனைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கக் கேட்டால் மீதிப் பதினெட்டு பேரும் என்னவோ செய்துகொண்டிருப்பார்கள், என்ன என்று கேட்காதீர்கள். வீட்டில் வாசிக்க வைக்கவும் ஆள் இல்லை, ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்னே கிளம்பிவிடுவார்கள், சாயங்காலம் ஏழு மணிக்கே தூங்கியும் விடுவார்கள்.

போன மாதம் ஒரு பயிற்சியில் ஏஐ பற்றி ஒருவர் 40 நிமிடம் பேசினார். ஸ்லைடில் ரோபோ படம், அமெரிக்க வகுப்பறைப் படம், "எதிர்காலம் இதுதான்" என்று முடித்துவிட்டார். சரி, நாமே பார்ப்போம் என்று மூன்று விஷயம் செய்தேன், மூன்றும் சொதப்பல்.

முதலில் ட, ப, ம, ய, ர, க என்ற ஆறு எழுத்தும் அதன் புள்ளி எழுத்துகளும் மட்டும் வருகிற மாதிரி பத்து சிறு வாக்கியம் கேட்டேன். "மரம் பக்கம் வந்தது" என்று வந்தது. வ, த எல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் "மன்னிக்கவும், நீங்கள் சொன்னது சரி" என்று பணிவாகச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் "பட்டம் பறந்தது". அப்புறம் 'யா'னா எழுத்துக்கு அட்டை செய்ய யானைப் படம் கேட்டேன், யானை அருமை, கீழே எழுதியிருந்தது எந்த மொழி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கடைசியாக போனில் பேசினால் எழுத்தாகும் வசதியைத் திறந்து வைத்து, அரும்பு நிலைப் பையன் ஒருவனை வாசிக்கச் சொன்னேன், எங்கே தடுமாறுகிறான் என்று எழுத்தில் கிடைக்குமே என்று. அவன் 'மழை'யை 'மளை' என்றான், 'பறவை'யை 'பரவ' என்றான், என் காதால் கேட்டேன். திரையில் மழை, பறவை என்று சுத்தமாக வந்து நிற்கிறது.

ஒன்று முதல் மூன்று வரை எடுக்கிறவர்கள் உண்மையில் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? பிள்ளை கையில் போனைக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கே சிக்னல் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில்தான் வரும், அதுவும் வெயிலடித்தால்.

---

அலைவாய்க்கரை:

டீச்சர், நான் குளச்சல் பக்கம், நான்காம் வகுப்பு. வாசிப்புக்குப் பேச்சை எழுத்தாக்கும் வசதியைப் பிடித்ததுதான் தப்பு, அதற்கென்றே இருப்பது வேறு. கூகுளின் ரீட் அலாங். 2019ல் போலோ என்ற பெயரில் வந்தது, அப்புறம் பெயர் மாறி தமிழும் சேர்ந்தது. 2022ல் இல்லம் தேடிக் கல்வியில் ரீடிங் மாரத்தான் நடத்தினார்களே, அது இதை வைத்துத்தான். கதைகளை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் நெட் வேண்டாம். ஒவ்வொரு சொல்லாக வாசிக்க வாசிக்க நிறம் மாறும், தெரியாத சொல்லைத் தொட்டால் அதுவே சொல்லிக் கொடுக்கும்.

இரண்டு வருடம் விடாமல் பயன்படுத்தினேன். வெட்கப்படுகிற பிள்ளைக்கு இது ரொம்ப நல்லது. என் வகுப்பில் ஒரு பெண், என்னிடம் வாசிக்கச் சொன்னால் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்க்கும், அதே பெண் படிக்கட்டுக்கு அடியில் போனோடு உட்கார்ந்து 'தியா அக்கா'விடம் (அதில் வருகிற பொம்மை டீச்சர்) சத்தமாக வாசித்தது. போன் சிரிக்காது, பக்கத்துப் பெஞ்சுக்காரன் சிரிப்பான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது கெட்டதைச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ரோடுதான், ஆனி ஆடியில் அலைச் சத்தத்தில் அது எதையும் கேட்காது, மழை பெய்தால் ஓட்டுக்கூரைக்குக் கீழே கேட்கவே வேண்டாம். கடையில் 150 ரூபாய்க்கு மைக் வைத்த இயர்போன் வாங்கினேன், பாதி சரியானது. இரண்டாவது, நம் பிள்ளைகளின் மூளை. தொட்டால் சொல்லிக் கொடுக்கும் என்றேனே, ஒருவன் ஒவ்வொரு சொல்லையும் தொட்டு, அது சொன்னதைத் திருப்பிச் சொல்லி, வகுப்பிலேயே அதிக நட்சத்திரம் வாங்கிவிட்டான். நானும் கைதட்டி ஒரு பென்சில் பரிசு கொடுத்தேன். வாரக் கடைசியில் அதே கதையைத் தாளில் கொடுத்தால் முதல் சொல்லிலேயே நிற்கிறான். பென்சிலைத் திரும்ப வாங்கவா முடியும்?

அதனால் இப்போது ஒரு பிள்ளைக்கு பத்து நிமிடம், வாரம் இரண்டு நாள், முடிந்ததும் இரண்டு வரி என்னிடம் தாளில் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த இரண்டு வரி முப்பது வினாடிதான் ஆகும்.

இன்னொன்று, ஏஐயிடம் கதை எழுதித் தரச் சொன்னால் கவனமாக இருங்கள். "கடற்கரைக் கிராமத்துச் சிறுவன், மீன், கூடை" என்று சொல்லி ஒரு கதை வாங்கினேன். அப்பா அதிகாலையில் வள்ளத்தில் போய் சால்மன் பிடித்து வந்தார். சால்மனை மாற்று, நம்மூர் மீன் போடு என்றேன், கெண்டை போட்டது. அவசரத்தில் பார்க்காமல் வகுப்பில் வாசித்துவிட்டேன். பின்னாலிருந்து ஒருவன், "டீச்சர், கெண்டை குளத்துல கிடக்கும், கடல்ல எப்படிக் கிடக்கும்?" சாளை, அயிலை, நெத்தோலி, வாளை என்று பிள்ளைகளே பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள், அன்றைய சொல்வளப் பாடம் அதிலேயே முடிந்தது. ஆக அந்தத் தப்புக் கதையால் லாபம்தான்.

---

நாஞ்சில் நிரல்:

டீச்சர் இல்லை, நாகர்கோவிலில் வீட்டிலிருந்து மென்பொருள் வேலை பார்க்கிறவன், அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை என்பதால் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். மலையோர டீச்சருக்கு நடந்த மூன்றுக்கும் காரணம் சொல்ல முடியும்.

மழை, மளை விஷயத்தை முதலில் சொல்கிறேன், அதுதான் முக்கியம். பேச்சை எழுத்தாக்கும் கருவி வெறும் காதால் கேட்பதில்லை. "இந்த ஒலிக்கு எந்தச் சொல் பொருத்தம், இந்த வாக்கியத்தில் அடுத்து என்ன வர வாய்ப்பு" என்று இரண்டையும் கூட்டித்தான் முடிவு செய்யும். மளை என்று ஒரு சொல் அது பார்த்த கோடிக்கணக்கான வரிகளில் அநேகமாக இல்லை, மழை இருக்கிறது, எனவே மழை. அதைச் செய்தவர்களுக்கு வேண்டியது, பேசுகிறவர் சொல்ல நினைத்தது என்ன என்பது. உங்களுக்கு வேண்டியது பிள்ளை வாயிலிருந்து வந்தது என்ன என்பது. உங்களுக்கு எது தகவலோ அது அதற்குக் குப்பை, துடைத்துவிட்டுத்தான் காட்டும். கையெழுத்தைப் படம் எடுத்து வாசிக்கச் சொன்னாலும் இதேதான், பிள்ளை 'பல்லி'யை 'பள்ளி' என்று எழுதி இருந்தால் வாக்கியத்துக்கு ஏற்றபடி ஒன்றை எடுத்துக்கொள்ளும். அதை நம்பி யாராவது தவறுப் பட்டியல் தயாரித்தால் எல்லாப் பிள்ளையும் நூற்றுக்கு நூறு. போதாததற்கு இந்தக் கருவிகள் பெரும்பாலும் பெரியவர்கள் குரலில் பழகியவை, ஆறு வயதுப் பிள்ளையின் குரல் மேலே இருக்கும், நடுவில் இழுக்கும், விக்கும், அதிலும் தடுமாறும்.

இரண்டாவது, எழுத்துக் கணக்கு. கொக்கு என்பதில் எத்தனை எழுத்து? உங்கள் ஒன்றாம் வகுப்பு கொ, க், கு, மூன்று என்று சொல்லும். கணினி யூனிகோடில் வைத்திருப்பது க, அதற்கு ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி என்று ஆறு துண்டு. பட்டம் நமக்கு நாலு, அதற்கு ஆறு. ஏஐ இதையும் அப்படியே பார்ப்பதில்லை, தன் வசதிக்கு வேறு மாதிரி துண்டு போட்டு எண்ணாக மாற்றி வைத்துக்கொள்ளும். எனவே "இந்த ஆறு எழுத்து மட்டும்" என்பது பூட்டின வீட்டுக்குள் எத்தனை நாற்காலி என்று வெளியிலிருந்து கேட்பது போல. எதுகைச் சொல் கேட்டாலும் மூன்றெழுத்துச் சொல் கேட்டாலும் அது அடிக்கடி வழுக்குவது இதனால்தான்.

ஆனால் சரிபார்ப்பது மிக எளிது. நீங்கள் கற்பித்து முடித்த எழுத்துகளைக் கொடுத்தால், ஒரு பத்தியில் அதைத் தாண்டி என்ன எழுத்து இருக்கிறது என்று சிவப்பில் காட்டும் ஒரு பக்கம் எழுதித் தருகிறேன். இருபது வரி நிரல், போனில் சேமித்து வைத்தால் நெட் இல்லாமலே திறக்கும், அதில் ஏஐ எதுவும் இல்லை. ஏஐ பத்து வாக்கியம் எழுதட்டும், இந்தப் பக்கம் ஏழு வாக்கியத்தை அடிக்கும், மீதி மூன்று உங்களுக்கு. ஐம்பது கேட்டால் பதினைந்து தேறும். அதற்கு அலுப்பு கிடையாது.

படத்துக்கு, படத்தை மட்டும் வாங்குங்கள், எழுத்தை நீங்கள் ஸ்கெட்ச் பேனாவில் எழுதுங்கள். புதியவை கொஞ்சம் தேறியிருக்கின்றன, ஆனாலும் எழுத்து கற்கும் பிள்ளை முன்னால் கொம்பு கோணிய எழுத்தை வைக்க வேண்டாம்.

---

இரண்டாம் வகுப்பு அம்மா:

டீச்சர்மார் எல்லாம் பேசுகிற இடத்தில் வந்து சொல்வதற்கு மன்னிக்கவும், ஆனால் யாராவது சொல்ல வேண்டும். கருங்கல் பக்கம் இருக்கிறோம், மகன் போகும் பள்ளியின் பெயர் வேண்டாம். இந்த வருடம் ஏஐ என்று ஒன்று வந்ததும் எங்களுக்கு நடந்தது என்ன தெரியுமா, வாட்சப் குழுவில் தினமும் ஐந்தாறு பயிற்சித்தாள். முன்பு டீச்சர் கையால் எழுதி அனுப்பும்போது ஒன்று வரும், அதில் ஒரு தப்பு இருக்காது. இப்போது கலர் கலராக வருகிறது. "பொருத்துக" என்று இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் நாலு. "சக்கரம் எந்த நிறம்?" என்று கேள்வி, படமே கிடையாது. ஒன்றில் 'பள்' என்று போட்டு வாய் திறந்த படம். என் மகன் 'பல்' என்று சரியாக எழுதுகிறவன், என்னிடம் வந்து "அம்மா, புத்தகத்தில் தப்பா, ஷீட்டில் தப்பா?" என்று கேட்டான்.

எடுப்பது சுலபம் என்று ஆகிவிட்டதால் கொடுப்பதும் கூடிவிட்டது. பிரிண்ட் எடுக்கக் கடைக்கு அலைவது நாங்கள்தானே. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது.

---

ஓய்வு பெற்ற எச்.எம்.:

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. நானும் என் காலத்தில் 2018ல் புதுப் புத்தகத்தில் கியூஆர் கோடு வந்தபோது ஆடியவன்தான், எல்லாப் பாடத்துக்கும் ஸ்கேன் பண்ணு ஸ்கேன் பண்ணு என்று ஒரு மாதம் வீடியோ ஓட்டினேன். பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள், நான் நன்றாக நடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதக் கடைசியில் கேட்டால் வீடியோவில் வந்த பாட்டின் மெட்டு மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மலையோர டீச்சருக்கு ஒரு பழைய வழி சொல்கிறேன். வாசிக்க வராத பிள்ளையிடம் புத்தகத்தை நீட்டாதீர்கள், பேச விடுங்கள். நேற்று வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவன் சொல்வதை அவன் சொன்ன சொல்லிலேயே கரும்பலகையில் எழுதுங்கள், நாலு வரி போதும். அதை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். தன் வாயிலிருந்து வந்த வரி என்பதால் பாதி மனப்பாடமாக, பாதி எழுத்தைப் பார்த்து வாசிப்பான், அங்கிருந்து எழுத்தைப் பிரித்து எடுக்கலாம். முப்பது வருடம் இதைத்தான் செய்தேன். இதில் ஒரே குறை, ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் செய்ய முடியும், அதே செய்தியை மூன்று நிலைக்கும் தக்கபடி எழுதிக் கொடுக்க எனக்கு நேரம் இருந்ததில்லை. அந்த வேலைக்கு உங்கள் ஏஐயைக் கூப்பிடலாமா என்று நிரல் தம்பிதான் சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. பிள்ளையின் பெயர், படம், குரல், மதிப்பெண் எதையும் அதில் ஏற்றாதீர்கள். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாத எல்லாரும் குழந்தைதான், பெற்றோர் ஒப்புதல் வேண்டும். சாட்ஜிபிடி 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இல்லை என்று அவர்களே விதி வைத்திருக்கிறார்கள், யுனெஸ்கோவும் 2023ல் வகுப்பறைக்கு அதே 13ஐத்தான் குறைந்தபட்ச வயதாகப் பரிந்துரைத்தது. நம் பிள்ளைகளுக்கு ஐந்து முதல் பத்து. கருவி உங்கள் கையில் இருக்கட்டும், மேஜைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

---

தோவாளை டீச்சர்:

ஐயா சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் போகவே கூடாது என்றால் எனக்கு ஒரு பிள்ளை போயிருக்கும்.

எங்கள் பக்கம் செங்கல் சூளைகள் உண்டு. வேலைக்கு வந்தவர்களின் ஒரு பெண் குழந்தை, ஆறு வயது, வங்காளம் மட்டும்தான் தெரியும். சேர்த்த அன்று பத்து மணிக்கு அழ ஆரம்பித்தது பதினொன்றரை வரை நிற்கவில்லை. பசியா என்று சாப்பாடு காட்டினேன், தள்ளிவிட்டது. அம்மா வேண்டுமா என்று சைகை செய்தேன், இன்னும் கூடியது. சத்துணவு அக்கா தூக்கி இடுப்பில் வைத்துப் பார்த்தார், ஆயிரம் வித்தை காட்டினார். கடைசியில் போனில் மொழிபெயர்ப்பு உரையாடலைத் திறந்து தமிழில் கேட்டேன், அது வங்காளத்தில் பேசியது. குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு போனைப் பார்த்தது, பிறகு மெதுவாக அதனிடமே ஏதோ சொன்னது. "செருப்பு வெளியே இருக்கிறது" என்று வந்தது. அவ்வளவுதான் விஷயம். வகுப்புக்கு வெளியே கழற்றி வைக்கச் சொன்ன புதுச் செருப்பு, யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். உள்ளே எடுத்து வந்து காலடியில் வைத்தோம், மத்தியானம் சோறு சாப்பிட்டது.

ஒரு மாதம் தினமும் பத்து நிமிடம் போன் வைத்துப் பேசினோம். அது தப்பாகவும் மொழிபெயர்க்கும், ஒரு நாள் பென்சிலைச் சீவு என்று நான் சொன்னதற்கு அந்தப் பிள்ளை தலைமுடியைச் சீவ ஆரம்பித்தது. இப்போது போன் வேண்டாம், மற்றப் பிள்ளைகளோடு விளையாடியே தமிழ் பிடித்துக்கொண்டது, கெட்ட வார்த்தை உட்பட.

---

நாஞ்சில் நிரல்:

தோவாளை டீச்சர், அந்தச் சீவு கதையை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

எச்.எம். ஐயா கேட்டதற்கு, கூப்பிடலாம், இதில்தான் அது கெட்டி. ஒன்றைப் புதிதாக உருவாக்கச் சொன்னால் உலகத்தில் உள்ளதை எல்லாம் கலந்து அடிக்கும், சால்மன் வருவது அப்படித்தான். நீங்கள் கொடுத்ததைச் சுருக்கு, எளிதாக்கு, நீட்டு என்றால் ஓரளவு அடங்கி நடக்கும். பிள்ளை சொன்னதை நீங்கள் தட்டச்சு செய்யுங்கள் (அது கேட்டு எழுத வேண்டாம், மழை, மளை கதை ஆகிவிடும்), பாடப்புத்தகத்தில் அந்த நிலைக்கு உரிய ஒரு பக்கத்தை மாதிரியாகக் கொடுங்கள், "இந்த நீளத்தில், இந்த மாதிரி வாக்கியத்தில் மூன்று விதமாக எழுது, கீழே உள்ள சொற்களை மாற்றாதே" என்று சொல்லி அந்தச் சொற்களைப் பட்டியலாகக் கொடுங்கள். பட்டியல் கொடுக்காவிட்டால் நம்மூர்ச் சொல்லை எல்லாம் 'திருத்தி'விடும்.

உள்ளூர்த் தகவல் எதையும் அதனிடம் கேட்டு எழுதாதீர்கள். அக்கா மகளின் நான்காம் வகுப்புப் பயிற்சிக்கு நம் தாமிரபரணி பற்றி ஐந்து வரி கேட்டோம், பாபநாசத்தில் தொடங்கி திருநெல்வேலி வழியாக ஓடுகிறது என்றது. கோதையாறும் பரளியாறும் சேர்ந்து குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழும் நம் தாமிரபரணி அதற்குத் தெரியவே இல்லை. ஒரே பெயரில் இரண்டு ஆறு இருந்தால் பெரியது சின்னதை விழுங்கிவிடும்.

எழுத்து சரிபார்க்கும் பக்கத்தைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன் டீச்சர்.

---

மலையோர டீச்சர்:

பதினைந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மழை, இரண்டு நாள் கரண்ட் இல்லை, அதோடு எமிஸ் (கல்வித் துறை இணையதளம்) பதிவு.

எச்.எம். ஐயா சொன்னபடி அந்த மூன்று பேரையும் பேசவிட்டேன். முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் ஒருவன், நான் மளை என்று எழுதினேனே அதே பையன், பால் வெட்டு பற்றிச் சொல்ல ஆரம்பித்தான், நிறுத்தவே முடியவில்லை. சனிக்கிழமை அப்பாவோடு போவானாம். "அப்பா வெட்டும். நான் சிரட்டை வைப்பேன். பால் சொட்டு சொட்டா விழும். காஞ்சா ஒட்டுப்பால். அதை உருட்டிப் பந்து செய்வேன்." எழுதி முடித்ததும் சாக்பீஸை வாங்கி 'பந்து' என்பதைச் சுற்றி வட்டம் போட்டான்.

அன்று சாயங்காலம் வீட்டில் (மார்த்தாண்டத்தில் சிக்னல் உண்டு) இதைக் கொடுத்து மூன்று நிலைக்கு எழுதச் சொன்னேன். பட்டியல் கொடுக்க மறந்துவிட்டேன். சிரட்டை (கொட்டாங்குச்சி) 'கிண்ணம்' ஆகிவிட்டது, ஒட்டுப்பால் 'பசை' ஆகிவிட்டது, கடைசியில் "கடின உழைப்பே உயர்வு தரும் என்று சிறுவன் உணர்ந்தான்" என்று அதுவாக ஒரு வரி வேறு. அவன் எதையும் உணரவில்லை, பந்து செய்தான், அவ்வளவுதான். பட்டியல் கொடுத்து மறுபடி செய்தேன், ஒழுங்காக வந்தது. மொட்டுக்கும் மலருக்கும் வந்ததில் ஆளுக்கு ஒரு சொல் மாற்றினேன். அரும்புக்கு வந்த பன்னிரண்டு வரியில் தம்பியின் சிவப்புப் பக்கம் எட்டை அடித்தது, மீதி நான்கில் ஒன்று அர்த்தமில்லாதது, ஆக மூன்று. மூன்று போதும். மொத்தம் 25 நிமிடம் ஆனது. கையால் எழுதியிருந்தால் இரவு பத்து ஆகியிருக்கும், அதனால்தான் இத்தனை நாளும் எழுதவில்லை.

மறுநாள் 19 பேர் கையிலும் ஒரே பால் வெட்டுக் கதை, மூன்று விதமாக. நாளிதழ் வாசிக்கும் பெண் மலர்த் தாளை முடித்துவிட்டு, தானே போய் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 'ஒட்டுப்பால்னா என்ன?' என்று கேட்டாள். அவள் அப்பா கடை வைத்திருக்கிறார், ரப்பர் மரம் இல்லை. அவனிடம் ஒருத்தி சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவன் இன்னும் மளை என்றுதான் சொல்கிறான். அதற்கு நாக்கை மடக்கிக் காட்டி நானும் அவனும் தினமும் இரண்டு நிமிடம் 'ழ, ழ' என்று கத்துகிறோம், ஒன்றாம் வகுப்பு முழுக்கச் சேர்ந்துகொள்கிறது. தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அலைவாய்க்கரை டீச்சர், ரீட் அலாங்கும் பள்ளி டேப்லெட்டில் இறக்கிவிட்டேன், இயர்போன் வாங்க வேண்டும். அந்த 150 ரூபாய் மைக் எந்த மாதிரி, காதுக்குள் போவதா, மேலே வைப்பதா? சின்னப் பிள்ளைகள், காதுக்குள் வைப்பதை ஒருவர் மாற்றி ஒருவர் போட வைக்க எனக்குப் பயம்.

---

அலைவாய்க்கரை:

மேலே வைப்பதுதான் டீச்சர், பஞ்சு உறை போட்டது. உறையைக் கழற்றித் துவைக்கலாம். வயர் நீளமானதாகப் பார்த்து வாங்குங்கள், குட்டை வயர் என்றால் பிள்ளை எழுந்ததும் டேப்லெட்டும் கூடவே எழுந்து தரையில் விழும், எனக்கு ஒன்று அப்படித்தான் போனது. அந்தப் பால் வெட்டுத் தாளை எனக்கும் அனுப்புங்களேன், கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒட்டுப்பால் பந்து என்றால் என்ன என்று தெரியாது. பதிலுக்குக் கரமடி இழுப்பது பற்றி எங்கள் ஆட்கள் சொன்னதை எழுதி அனுப்புகிறேன், உங்கள் ஆட்கள் கேள்வி கேட்கட்டும்.

---

மலையோர டீச்சர்:

நாளைக்கே அனுப்புகிறேன். கரமடி என்றால் என்ன என்று எனக்கே தெரியாது, பிள்ளைகளோடு சேர்ந்து நானும் வாசிக்கிறேன்.